பவளத் தொட்டிக்குக் கால்சியம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டுப் பவளத் தொட்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் இதைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்தது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அதில் இருந்த ஓர் அறிவுரையைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை. பவளம் வளரவில்லை என்றால் கால்சியம் குறைந்திருக்கும், கால்சியக் கரைசலை வாங்கி ஊற்றுங்கள் என்று கட்டுரை சொன்னது. சிங்கப்பூர் வீடுகளில் கடல்தொட்டிகளைப் பராமரித்துத் தரும் வேலையில் இருக்கும் எங்களுக்கு, பவளம் வெளுத்துப்போன தொட்டியின் அலமாரியைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது கால்சியம் பாட்டில்கள்தான். ஆல்கலினிட்டி அளக்கும் கிட் அங்கே இருக்காது.

கல் பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட். அதைக் கட்டப் பவளம் நீரிலிருந்து இரண்டு பொருள்களை எடுக்கிறது: கால்சியம், பைகார்பனேட். இந்த பைகார்பனேட் இருப்பைத்தான் நாம் ஆல்கலினிட்டி என்று அளக்கிறோம். கிட்டில் அது டிகேஎச் என்ற அலகில் வரும். இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் போல, இரண்டும் ஒரு கணக்கில்தான் சேரும். ஒன்றை மட்டும் கூட்டிப் பயனில்லை. கணக்கு இதுதான்: லிட்டருக்கு 20 மி.கி. கால்சியம் செலவானால் ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் இறங்கும். அதாவது 1 டிகேஎச்சுக்கு ஏறத்தாழ 7 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) கால்சியம்.

இப்போது கடல்நீரின் இருப்பைப் பாருங்கள். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 உள்ள கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420 பிபிஎம், ஆல்கலினிட்டி 7 டிகேஎச்சை ஒட்டி, மக்னீசியம் 1,290 பிபிஎம் அளவில் இருக்கும். பவளங்கள் 2.8 டிகேஎச் அளவுக்குத் தின்றுவிட்டால் ஆல்கலினிட்டி 7-லிருந்து 4.2-க்கு வந்துவிடும். நூற்றுக்கு நாற்பது பங்கு போயிற்று. அதே நேரத்தில் கால்சியம் 420-லிருந்து 400-க்குத்தான் இறங்கியிருக்கும், அதாவது நூற்றுக்கு ஐந்து. வீட்டுக் கால்சியம் கிட்டில் 10, 20 பிபிஎம் பிழை சாதாரணம் என்பதால் அந்த இறக்கம் அதில் தெரியவே தெரியாது. கால்சியம் நன்றாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பவளம் பட்டினியில் இருக்கும். அதனால்தான் முதலில் அளக்க வேண்டியதும் அடிக்கடி அளக்க வேண்டியதும் ஆல்கலினிட்டி என்கிறோம். கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், மக்னீசியத்தை மாதம் ஒருமுறை.

அதற்கும் முன்னால் உப்புத்தன்மை. இதை விட்டுவிட்டு எந்த எண்ணைப் பார்த்தும் பயனில்லை. உப்புத்தன்மை 31-ஆக இருந்தால், குறை ஒன்றுமே இல்லாத நீரிலும் கால்சியம் 370, மக்னீசியம் 1,140, ஆல்கலினிட்டி 6.2 என்றுதான் காட்டும். மூன்றும் ஒன்றாகக் குறைந்திருந்தால் மூன்று பாட்டில் வாங்காமல் உப்பைச் சரிபாருங்கள். உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ (சவ்வு வழியாக வடிகட்டிய) நீரில் பூஜ்ஜியம் வைப்பது போதாது. 35 என்று குறித்து விற்கப்படும் நிலைக்கரைசலில் வைத்துத் திருத்த வேண்டும். பூஜ்ஜியத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் இரண்டு மூன்று புள்ளி விலகுவது உண்டு.

அளக்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். குப்பியை முதலில் தொட்டி நீராலேயே இரண்டு முறை அலசுங்கள், நேற்றைய சோதனையின் துளி அதில் இருக்கக் கூடாது. ஊசிக்குழாயில் நீரை அளக்கும்போது பிஸ்டனின் கீழ் விளிம்பு கோட்டில் நிற்க வேண்டும். மருந்தைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குப்பியைச் சுழற்றுங்கள். நிறம் ஒரு கணம் மாறித் திரும்பினால் அது முடிவல்ல, மாறியபடியே நிற்கும் துளிதான் முடிவு. வெள்ளைத் தாளின்மேல் குப்பியை வைத்துப் பாருங்கள், மஞ்சள் விளக்கின் கீழ் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் அளப்பது முக்கியம். பகல் முழுக்க விளக்கெரிந்த தொட்டியில் மாலை எண் காலை எண்ணைவிடக் குறைவாக இருப்பது இயல்பு.

வைத்திருக்க வேண்டிய அளவு: கால்சியம் 400 முதல் 450, ஆல்கலினிட்டி 7.5 முதல் 9, மக்னீசியம் 1,250 முதல் 1,350. இந்த வரம்புக்குள் எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட அது ஆடாமல் நிற்பது பெரிது. ஆல்கலினிட்டியை 11, 12 என்று ஏற்றினால் வேகமாக வளரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருக்கும் தொட்டியில் அப்படிச் செய்தால் ஆக்ரோபோரா என்ற கல் பவளத்தின் கிளை நுனி கருகி வெளுக்கும். சத்துக் குறைந்த தொட்டிக்கு 7 முதல் 8 வரை போதும்.

இனி உங்கள் தொட்டி எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எதுவும் ஊற்றாமல் இரண்டு நாள் விடுங்கள். முதல் நாள் காலை எட்டு மணிக்கு 8.4 இருந்து, மூன்றாம் நாள் அதே நேரத்துக்கு 7.0 ஆகியிருந்தால் நாளுக்கு 0.7 டிகேஎச் செலவு. உள்ளே நிற்கும் நீரின் உண்மையான அளவும் தேவை. கண்ணாடியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி வருவது அந்த அளவல்ல. கல்லும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்து, சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) உள்ளதைக் கூட்டுங்கள். கீழே 200 லிட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறோம்.

விலையுயர்ந்த பாட்டில் எதுவும் வேண்டாம். இரண்டு கரைசலை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் புட்டியில் முக்கால் பங்கு ஆர்ஓ/டிஐ நீர் (சவ்வாலும், அயனிகளை நீக்கும் டிஐ பிசினாலும் வடிகட்டிய நீர்) எடுத்து, உணவுத் தரக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 73.5 கிராமை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து, ஒரு லிட்டர் கோடு வரை நீர் சேருங்கள். தூளைத்தான் நீரில் போட வேண்டும், நீரைத் தூளில் ஊற்றக் கூடாது. கரையும்போது சூடேறும். இன்னொரு புட்டியில் இதேபோல் சமையல் சோடா 84 கிராம், இதுவும் ஒரு லிட்டராக. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் மாவும் அமிலமும் கலந்திருக்கும், அதைத் தொடவே கூடாது. இப்படிச் செய்தால் முதல் கரைசலின் ஒவ்வொரு மில்லியிலும் 20 மி.கி. கால்சியம் இருக்கும், இரண்டாவதன் ஒவ்வொரு மில்லியும் அதற்கு ஈடான ஆல்கலினிட்டியைத் தரும். ஆகவே இரண்டையும் எப்போதும் சம அளவில் ஊற்றலாம். 200 லிட்டருக்கு 200 மி.லி. ஊற்றினால் 2.8 டிகேஎச் ஏறும். நாளுக்கு 0.7 செலவென்றால் ஒவ்வொன்றிலும் 50 மி.லி. வேண்டும். உங்கள் நீர் 300 லிட்டர் என்றால் 75 மி.லி.

நம் ஊர் ஈரப்பதத்தில் கால்சியம் குளோரைடு தானாகவே நீரை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். ஈரம் குடித்த தூளை நிறுத்தால் பாதி எடை நீராகவும் இருக்கலாம், கரைசல் நீர்த்துப்போகும். வாங்கியவுடன் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். துணி அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் பெட்டியிலும் இதே வேதிப்பொருள்தான் இருக்கிறது, அதை எடுத்துப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், அது தொட்டிக்கான தரத்தில் செய்யப்பட்டதல்ல.

இரண்டு கரைசலையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். சந்தித்த இடத்திலேயே வெள்ளையாகத் திரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும், பவளத்துக்கு ஒன்றும் சேராது. நீரோட்டம் வலுவாக உள்ள சம்ப் பகுதியில் சோடாக் கரைசலை விட்டு, அரை மணி நேரமாவது கழித்துக் கால்சியத்தை விடுங்கள். குறித்த அளவைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப் இருந்தால் நாளின் அளவை இருபத்து நான்காகப் பிரித்துக் கொடுங்கள். பம்ப்பின் ரப்பர் குழாய் நாளாக நாளாகத் தளர்ந்து அளவு மாறும். மாதம் ஒருமுறை அளவுக் குவளையில் விட்டுச் சரிபாருங்கள்.

இந்த முறையில் ஒரு பக்கவிளைவு உண்டு. ஒவ்வொரு லிட்டர் ஜோடிக்கும் 58 கிராம் சாதாரண உப்பு தொட்டியில் மிஞ்சும். நாளுக்கு 50 மி.லி. கணக்கில் 200 லிட்டரில் மாதம் 0.4 புள்ளிக்குச் சற்று மேல் உப்புத்தன்மை ஏறும். கவனிக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் ஐந்து புள்ளி. நீர் மாற்றும்போது உப்பைச் சற்றுக் குறைத்துக் கலந்தால் சரியாகிவிடும்.

சுண்ணாம்பு நீர் இன்னொரு நல்ல வழி, மலிவும் கூட. அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டையும் சரியான விகிதத்தில் தரும், உப்பு மிஞ்சாது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான் கரையும், அந்த லிட்டரில் நம் சோடாக் கரைசலின் 40 மி.லி.க்கு ஈடான ஆல்கலினிட்டி இருக்கும். மேலே சொன்ன தொட்டிக்கு நாளுக்கு 1.85 கிராம் போதும். நாளுக்கு மூன்று லிட்டர் நீர் ஆவியாகிறது என்றால் லிட்டருக்கு 0.6 கிராம் வீதம் கரைத்து, ஆவியான நீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொள்கலனை மூடியே வையுங்கள், காற்றிலுள்ள கரியமில வாயு பட்டால் மேலே ஏடு கட்டி வீரியம் போய்விடும். அடியில் தங்கும் வண்டலைத் தொட்டிக்குள் விடாதீர்கள். இதன் பிஎச் 12-க்கும் மேல், ஆகவே கையுறையும் கண்ணாடியும் அவசியம், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் கிடைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்குப் பயன்படாது. அதில் எவ்வளவு நீர், வேறென்ன கலப்பு என்பது தெரியாது.

சுண்ணாம்பு நீரில் பெரும்பாலும் விபத்து நடப்பது, நீர் இறங்கும்போது பம்ப்பை இயக்கி ஏறியதும் நிறுத்தும் மிதவை சுவிட்சில். நத்தையோ உப்புப் படிவமோ அதைக் கீழேயே பிடித்து வைத்தால் கொள்கலன் முழுவதும் இறங்கிவிடும். பத்து லிட்டர் செறிவான சுண்ணாம்பு நீர் 200 லிட்டரில் விழுந்தால் பிஎச் 9-ஐத் தாண்டி நீர் வெளுத்துக் கலங்கும். கொள்கலனில் இரண்டு மூன்று நாள் தேவைக்கு மேல் வைக்காதீர்கள், மேலே இரண்டாவது மிதவை ஒன்று போடுங்கள். அப்படி நடந்துவிட்டால் பம்ப்பை நிறுத்தி, காற்றோட்டத்தைக் கூட்டி, சுவை சேர்க்காத சோடா நீரைச் சிறிது சிறிதாக விட்டு பிஎச் மீட்டரைப் பார்த்தபடி 8.5-க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

பிஎச் என்றதும் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஏர்கான் போட்டு ஜன்னல், கதவு எல்லாம் மூடிய அறையில் ஆட்கள் உறங்கினால் கரியமில வாயு தேங்கும். அது நீரில் கரைந்து பிஎச் 7.8-க்கு இறங்கும். ஆல்கலினிட்டி 8 என்று நன்றாகவே இருக்கும். கடையில் பிஎச் ஏற்றும் தூளைக் கொடுப்பார்கள். அந்தத் தூள் உண்மையில் ஆல்கலினிட்டிதான். போட்டவுடன் பிஎச் ஏறும், காலையில் மறுபடி இறங்கும், மறுபடி போடுவார்கள். இரண்டு வாரத்தில் ஆல்கலினிட்டி 14, கால்சியம் 340, ஹீட்டர் மீதும் பம்ப் இறக்கை மீதும் வெள்ளைக் காரை. காரணம் அறைக்காற்றா என்று அறிய ஒரு சோதனை: ஒரு குவளை தொட்டி நீரை ஜன்னலுக்கு வெளியே பால்கனியிலோ நடைபாதையிலோ வைத்துக் காற்றுக்கல்லால் ஒரு மணி நேரம் குமிழவிட்டு பிஎச் பாருங்கள். 0.2 அல்லது அதற்கு மேல் ஏறினால் குற்றம் அறையில். ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழால் நுரை எழுப்பிக் கழிவை நீக்கும் கருவியின்) காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள், பகலில் அறையைத் திறந்து விடுங்கள். சுண்ணாம்பு நீரும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சமையல் சோடாவை ஓவனில் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 150 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டாலும் உதவும். அது சோடா சாம்பலாகி பிஎச்சைச் சற்று ஏற்றும். 84 கிராம் போட்டால் 53 கிராம் வர வேண்டும், 60 நின்றால் இன்னும் சுடவில்லை என்று பொருள். அந்த 53 கிராமையும் முன்போலவே ஒரு லிட்டராக்குங்கள், ஊற்றும் அளவு மாறாது.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு எண்ணும் நிற்கவில்லை என்றால் மக்னீசியத்தைப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் நீரில் தானாகப் படிகமாவதைத் தடுத்து நிற்பது அதுதான். 1,200-க்குக் கீழே போனால் நீங்கள் ஊற்றுவது பவளத்துக்குப் போகாமல் மணலைக் கெட்டியாக்கும். 200 லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 167 கிராம் தேவை, இரண்டு நாளில் பிரித்துப் போடுங்கள்.

ஏற்கெனவே சமநிலை குலைந்த தொட்டிக்குச் சம அளவு ஊற்றுவது பயன்படாது, குறைந்ததை மட்டும் முதலில் ஏற்ற வேண்டும். கால்சியம் 420, ஆல்கலினிட்டி 5.5 என்றால் கால்சியத்தைத் தொடாமல், 200 லிட்டருக்குச் சமையல் சோடா 15 கிராமை மூன்று நாளில் ஐந்து ஐந்து கிராமாகக் கரைத்து விட்டால் 8-க்கு வரும். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆல்கலினிட்டி 8, கால்சியம் 340 என்றால் கால்சியம் குளோரைடு 59 கிராமை மூன்று நான்கு நாளில் கொடுத்தால் 420 ஆகும். ஒன்று மிக உயர்ந்து மற்றொன்று தாழ்ந்திருந்தால், உதாரணமாக 14-க்கு 340 என்றால், உடனே கால்சியத்தை ஊற்றாதீர்கள், எல்லாம் படிந்துவிடும். ஆல்கலினிட்டியை நிறுத்தி, அது 9-க்கு வரும்வரை பொறுத்து, பிறகு கால்சியத்தை ஏற்றுங்கள்.

கால்சியம் குறையாமல் ஆல்கலினிட்டி மட்டும் இறங்குவதற்கு இன்னொரு காரணம் நைட்ரேட். தீனி மிகுந்து நைட்ரேட் 50 பிபிஎம் சேர்ந்தால் அதற்கு மட்டும் 2.3 டிகேஎச் செலவாகியிருக்கும். அங்கே முதலில் தீனியைக் குறையுங்கள்.

வாரம் பத்துச் சதவீதம் நீர் மாற்றினால் எதுவும் ஊற்ற வேண்டாம் என்று கட்டுரையில் இருந்தது. கல் எலும்புக்கூடு கட்டாத மென்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு அது பெரும்பாலும் உண்மை. அத்தகைய தொட்டி வைத்திருப்பவர்கள் டோசிங் கரைசல் எதையும் வாங்க வேண்டியதில்லை. கல் பவளத் தொட்டிக்கு அது பொருந்தாது. பத்துச் சதவீத நீர் மாற்றம் பற்றாக்குறையில் பத்துச் சதவீதத்தைத்தான் ஈடுகட்டும். தொட்டி 7, புது நீர் 8 என்றால் மாற்றியபின் 7.1. நாளுக்கு 0.7 தின்னும் தொட்டிக்கு அது நான்கு மணி நேரச் செலவைக்கூட ஈடுகட்டாது. நீர் மாற்றம் வேறு பல நன்மைகளுக்குத் தேவை, அதை நிறுத்தச் சொல்லவில்லை. நம் குழாய் நீரில் குளோரமைன் இருப்பதால் கரித்தூள் வடிகட்டியும் டிஐ பிசினும் உள்ள வடிகட்டி வழியாக வந்த நீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பவளம் வளர வளரச் செலவு கூடும், ஆகவே ஊற்றும் அளவும் மாதா மாதம் கூட வேண்டும். அதற்கு மாறாக, அதே அளவு ஊற்றிவரும்போது ஆல்கலினிட்டி இரண்டு மூன்று நாளாக ஏறிக்கொண்டே வந்தால், பம்ப் அதிகம் ஊற்றுகிறதா என்று குவளையில் சரிபாருங்கள். பம்ப் சரியென்றால் பவளங்கள் எலும்பு கட்டுவதைக் குறைத்தோ நிறுத்தியோ விட்டன. கண்ணுக்கு நிறம் மாறுவதற்கு முன்பே இந்த எண் அதைக் காட்டிக்கொடுக்கும். ஊற்றுவதைக் குறைத்துவிட்டு, முதலில் வெப்பநிலை, அடுத்து உப்புத்தன்மை, பிறகு பாஸ்பேட் என்ற வரிசையில் தேடுங்கள். நம் ஊரில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்ற தொட்டி 30 பாகையைத் தாண்ட ஒரு பிற்பகல் போதும். சில்லர் விசிறியின் தூசு வலை அடைத்திருக்கிறதா என்று அன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கடல்தொட்டிப் பராமரிப்பாளர்கள் இருவர்,
சிங்கப்பூர்